ஒரு பயணத்துக்கு ஓர் ஊர் போதும்

வெளிநாட்டுப் பயணம் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் வசிக்கும் நான், மண்ணடியில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் பணிபுரிகிறேன். தணிக்கை வேலைகள் முடிந்த பிறகே, ஆண்டுக்கு ஒரு முறை, சேர்ந்தாற்போல் பத்து நாள் விடுப்பு கிடைக்கும். 2011 முதல் அந்தப் பத்து நாளை வைத்துக்கொண்டுதான் ஊர் பார்த்து வருகிறேன். எனவே, மாதச் சம்பளத்திலும் எண்ணிக் கொடுக்கப்படும் விடுப்பிலும் வாழ்கிறவர்களுக்கு எது பயன்படுமோ அதையே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: தனியார் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். நானும் மனைவியும் முதன்முதலாக வெளிநாடு செல்ல ஆசைப்படுகிறோம். ஆறு இரவுகளில் தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய மூன்றையும் காட்டும் தொகுப்புச் சுற்றுலா ஒன்றைப் பயண முகவர் சொல்கிறார். ஒரே செலவில் மூன்று நாடுகளைப் பார்த்துவிடலாம் அல்லவா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: பணக் கணக்கைப் போட்டுவிட்டீர்கள், நாள் கணக்கையும் போட்டுப் பாருங்கள். சென்னையிலிருந்து தென்கிழக்காசியாவுக்குப் போகும் விமானங்களில் பல நள்ளிரவை ஒட்டிக் கிளம்புகின்றன. உறக்கமில்லாமல் இறங்குவதால் முதல் நாள் பாதி கழிந்துவிடும். ஒரு நாட்டிலிருந்து அடுத்த நாட்டுக்கு மாறும் நாளில், காலையில் அறையைக் காலி செய்து, மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையம் சேர்ந்து, அந்தப் பக்கம் குடிநுழைவு வரிசையில் நின்று, பெட்டியை எடுத்துக்கொண்டு புதிய அறைக்குள் நுழையும்போது விளக்கு வைக்கும் நேரமாகிவிடும். இப்படி மாறும் நாள்கள் இரண்டு, வந்திறங்கும் நாள் ஒன்று, திரும்பும் நாள் ஒன்று. ஏழு பகலில் நான்கு இவற்றுக்கே போய்விட, மூன்று நாடுகளுக்கும் சேர்த்து உங்களிடம் முழுதாக எஞ்சுவது மூன்று நாள்.

2011-இல் நானும் இப்படியொரு மூன்று நாட்டுச் சுற்றுலாவில்தான் முதன்முதலாகக் கிளம்பினேன். பேருந்து நின்ற இடங்களில் இறங்கினோம், படம் எடுத்துக்கொண்டோம், குறிப்பிட்ட கடைகளுக்கு அழைத்துச் செல்லப்பட்டு அங்கே ஒரு மணி நேரம் காத்திருந்தோம். ஊர் திரும்பிய பிறகு, எந்தக் கோபுரத்தை எந்த நகரத்தில் பார்த்தேன் என்று என் தங்கை கேட்டபோது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த வருத்தம் நெடுநாள் இருந்தது. ஒரு பயணத்துக்கு ஓர் ஊர் என்ற முடிவை அதன் பிறகுதான் எடுத்தேன். இன்றுவரை அதை மாற்றிக்கொள்ளவில்லை.

உங்களுக்கு நான் சொல்லும் ஊர் மலேசியாவின் பினாங்கு. அதன் தலைநகரின் பெயரும் ஜார்ஜ் டவுன்தான். அது மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயரைத் தாங்கியது. நம் பாரிமுனைப் பகுதியின் ஜார்ஜ் டவுன் ஐந்தாம் ஜார்ஜின் பெயரைத் தாங்கியது. நம்முடைய ஆர்மீனியன் தெரு மக்கள் வாயில் அரண்மனைக்காரன் தெருவாகி நிலைத்துவிட்டது. அங்கேயும் ஓர் ஆர்மீனியன் தெரு இருக்கிறது, லெபு ஆர்மீனியன் என்று மலாய் மொழியில் எழுதியிருப்பார்கள். மிதிவண்டியில் இரண்டு குழந்தைகள் போவதுபோல் 2012-இல் வரையப்பட்ட புகழ்பெற்ற சுவரோவியம் அந்தத் தெருவில்தான் உள்ளது. சூலியா தெரு என்பது தமிழ் முஸ்லிம் வணிகர்களைக் குறித்த பெயர். அங்கிருந்து கால் மணி நேர நடைக்குள் மாரியம்மன் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், சீனக் கோயில், ஆங்கிலேயர் கட்டிய மாதா கோயில் எல்லாம் வந்துவிடும். 2008-இல் மலாக்காவோடு சேர்த்து இந்நகரை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. மண்ணடித் தெருக்களில் நடந்து பழகியவருக்கு இந்த ஊர் அந்நியமாகவும் இருக்காது. முழுக்கத் தெரிந்ததாகவும் இருக்காது. முதல் பயணத்துக்கு அந்த நிலை மிகவும் உகந்தது.

ஐந்து இரவுகள் ஒரே அறையில் தங்குங்கள். மூன்றாம் நாள் காலையில், முதல் நாள் தேநீர் குடித்த கடைக்கே மறுபடியும் போய் உட்காருங்கள். கடைக்காரர் உங்களை அடையாளம் கண்டுகொள்ளும்போது அந்த ஊர் உங்களோடு பேசத் தொடங்கிவிடும். இரண்டு விமானப் பயணங்களின் கட்டணமும் மிச்சமாகும்.

கேள்வி: தனியார் மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். விடுப்புக் கேட்டாலே மேற்பார்வையாளர் முகம் மாறிவிடுகிறது. எந்த மாதத்தில், எப்படிக் கேட்பது?
– வாசகி, மாதவரம்

பதில்: நான்கு மாதங்களுக்கு முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள். உங்கள் பணிநேரங்களை யார் ஏற்பார், பதிலுக்கு அவருடைய எந்த நாள்களை நீங்கள் ஏற்பீர்கள் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். பட்டியலை நிரப்பும் சுமை மேற்பார்வையாளர் தலையில் விழாது என்று தெரிந்தால் பெரும்பாலும் மறுக்க மாட்டார். தீபாவளி, பொங்கல் வாரங்களை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக பிப்ரவரியிலோ செப்டம்பரிலோ கேட்பதே என் வழக்கம். அப்போது விமானக் கட்டணமும் குறைவாக இருக்கும்.

மாதத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நம் ஊர் வெயிலையும் மழையையும் மட்டும் பார்க்கக் கூடாது. நமக்கு வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர், நவம்பரில் வியட்நாமின் நடுப்பகுதிக் கரையிலும் கனமழை உண்டு. ஹோய் ஆன் நகரின் தெருக்களில் வெள்ளம் புகுவது அந்த மாதங்களில்தான். மலேசியாவின் கிழக்குக் கரைத் தீவுகள் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பெரும்பாலும் அடைத்துக் கிடக்கும். மேற்குக் கரைக்கு அந்தத் தடை இல்லை. ஜப்பானில் ஆகஸ்ட், செப்டம்பர் சூறாவளிக் காலம். ஏப்ரல் இறுதி முதல் மே முதல் வாரம் வரை அந்நாட்டு மக்களுக்கே தொடர் விடுமுறை என்பதால் ரயிலிலும் விடுதியிலும் இடம் கிடைப்பது அரிது. நாம் புத்தாண்டு கொண்டாடும் ஏப்ரல் 14-ஐ ஒட்டி, 13 முதல் 15 வரை, தாய்லாந்தில் சொங்க்ரான் திருவிழா. தெருவெங்கும் தண்ணீர் ஊற்றி விளையாடுவார்கள். அதைப் பார்க்க விரும்பினால் அப்போதே போகலாம். கோயில்களை அமைதியாகப் பார்க்க விரும்பினால் தள்ளிப் போடுங்கள்.

கேள்வி: என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருக்கிறது. துபாய் செல்ல முடியாது என்று நண்பர்கள் அச்சுறுத்துகிறார்கள். உண்மையா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: பெயருக்கு முன் தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் இட்டு வாழ்கிற நமக்கு இது அடிக்கடி வரும் சிக்கல், ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அந்த முதலெழுத்தைச் சுருக்கமாக எழுத அனுமதி இல்லை. விரித்து எழுத வேண்டும். நம்மில் பலர் அதைத் தவிர்ப்பதற்காக, தம் பெயரை மட்டும் ஓரிடத்தில் எழுதி, குடும்பப் பெயர் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுகிறோம். 2022 நவம்பர் முதல், சுற்றுலா விசாவிலும் வருகை விசாவிலும் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டை ஐக்கிய அரபு அமீரகம் ஏற்பதில்லை. பாஸ்போர்ட்டின் மற்றொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என்று பின்னர் விளக்கம் வந்தது. எனவே நண்பர்கள் சொன்னதில் பாதி சரி. என்றாலும், ஒவ்வொரு முறையும் விமான நிறுவன ஊழியரிடம் இந்த விளக்கத்தைச் சொல்லிக்கொண்டு நிற்பதைவிட, தந்தை பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் சேர்த்து பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்துகொள்வது நல்லது. 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு மறுவெளியீட்டுக் கட்டணம் 1500 ரூபாய். அமெரிக்க விசாவிலும் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு முதற்பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யூ.’, அதாவது முதற்பெயர் தெரியவில்லை என்று அச்சிடுகிறார்கள். பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் அந்த இடத்தில் இல்லாமல் போவதை நான் விரும்ப மாட்டேன்.

இதைவிட அதிகமாக நேரும் தவறு எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. கயல்விழி என்ற பெயரின் ழகரத்தை ஆதாரில் ஒரு விதமாகவும், பான் அட்டையில் வேறு விதமாகவும், பாஸ்போர்ட்டில் மூன்றாவது விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருப்போம். விமானச் சீட்டிலும் விசாவிலும் காப்பீட்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளே அப்படியே வர வேண்டும். சீட்டு எடுக்கும்போது பாஸ்போர்ட்டை எதிரில் வைத்து, ஒருவர் எழுத்து எழுத்தாக வாசிக்க மற்றவர் சரிபார்ப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். காலாவதித் தேதியையும் அப்போதே பாருங்கள்; பல நாடுகள் நுழையும் நாளிலிருந்து ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும் என்கின்றன.

கேள்வி: ரயில்வேயில் பணிபுரிகிறேன். பாஸ்போர்ட் எடுக்க அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டுமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: அரசு ஊழியர் தம் அலுவலகத்துக்கு எழுதிய முன்னறிவிப்புக் கடிதத்தின் நகலையோ, அலுவலகம் தரும் தடையின்மைச் சான்றையோ இணைத்து விண்ணப்பிக்கலாம். பாஸ்போர்ட் கையில் இருப்பதாலேயே வெளிநாடு சென்றுவிட முடியாது. ஒவ்வொரு பயணத்துக்கும் வெளிநாடு செல்வதற்கான விடுப்பு அனுமதியைத் தனியாகப் பெற வேண்டும். அந்தக் கோப்பு பல மேசைகளைக் கடந்து வர நாளாகும் என்பதால், அனுமதி கைக்கு வந்த பிறகே திரும்பப் பெற முடியாத சீட்டை வாங்குங்கள்.

கேள்வி: நானும் கணவரும் மென்பொருள் துறையில் இருக்கிறோம். ஐரோப்பா செல்ல விரும்புகிறோம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு வங்கிக் கணக்கில் எவ்வளவு பணம் காட்ட வேண்டும்? உறவினரிடம் வாங்கிச் சில நாள் கணக்கில் போட்டு வைக்கலாம் என்கிறார்கள்.
– வாசகி, கொளத்தூர்

பதில்: தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு கணக்கறிக்கையைப் படிக்கிறவர் முதலில் தேடுவது கடைசியில் உள்ள தொகையை அன்று. அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்பதைத்தான். நாள்தோறும் பிறருடைய கணக்கறிக்கைகளைப் படிப்பதே என் தொழில் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன். மாதாமாதம் சம்பளம் வந்து, வாடகையும் தவணையும் போய், சிறிது சிறிதாக மிச்சம் ஏறிவரும் கணக்கில் இருக்கும் மூன்று லட்சத்துக்கு உள்ள மதிப்பு, விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் திடீரென்று வந்து விழுந்த எட்டு லட்சத்துக்கு இல்லை. சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, வங்கி அறிக்கை, அலுவலக விடுப்புக் கடிதம் ஆகிய நான்கும் ஒரே செய்தியைச் சொல்ல வேண்டும். கடிதத்தில் உள்ள விடுப்புத் தேதியும் பயணத் திட்டத்தில் உள்ள தேதியும் முரண்பட்டிருப்பதை விண்ணப்பதாரர்கள் பலர் கவனிப்பதே இல்லை.

ஷெங்கன் பகுதியில் இப்போது 29 நாடுகள் உள்ளன. பிரிட்டனும் அயர்லாந்தும் அதில் சேரா. எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். வேறொரு நாட்டில் விசா எளிதாகக் கிடைக்கிறது என்று அங்கே விண்ணப்பித்து, பயணத்தை இன்னொரு நாட்டில் கழிப்பது பின்னாளில் உங்களையே தாக்கும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம்; குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் பிப்ரவரியிலேயே தொடங்குவது நல்லது. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ; விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்ப வராது. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். சென்னையில் விண்ணப்பத்தைப் பெற்றுக்கொள்ளும் மையம் முடிவு எடுப்பதில்லை. முடிவு அந்தந்த நாட்டுத் தூதரகத்துடையது. ஆகவே, விசா வாங்கித் தருவேன் என்று உறுதியளித்துப் பணம் கேட்கிறவரை நம்ப வேண்டாம்.

பெற்ற விசாவை ஒழுங்காகப் பயன்படுத்தித் திரும்புங்கள். 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கென்று அறிவிக்கப்பட்ட விதியின்படி, மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு விசாக்களைப் பெற்று முறையாகப் பயன்படுத்தியவர், பலமுறை சென்றுவரக்கூடிய இரண்டாண்டு விசாவைப் பெற வழி உண்டு. முதல் முறையே ஆறு நாடுகளை அள்ளிக்கொள்ள வேண்டும் என்ற பதற்றம் தேவையில்லை என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு நகரத்தில் எட்டு நாள் இருங்கள். அடுத்த முறை அடுத்த நகரம்.

கேள்வி: பணத்தை நோட்டாக எடுத்துச் செல்வதா, கார்டில் எடுத்துச் செல்வதா? முகவர் டி.சி.எஸ். என்று கூடுதலாக ஒரு தொகை கேட்கிறார், அது என்ன?
– வாசகர், சௌகார்பேட்டை

பதில்: இரண்டாவதை முதலில் சொல்கிறேன். வெளிநாட்டுத் தொகுப்புச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டும்போது விற்பவர் வசூலித்து அரசுக்குச் செலுத்த வேண்டிய வரி அது. அது முகவரின் கட்டணம் அன்று. உங்கள் பான் எண்ணில் முன்கூட்டியே கட்டப்பட்ட வருமான வரி. ஆண்டு முடிவில் கணக்குத் தாக்கல் செய்யும்போது உங்கள் வரியில் கழித்துக்கொள்ளலாம். மிகுதி இருந்தால் திரும்பப் பெறலாம். இதை அறியாமல் அந்தத் தொகையைச் செலவோடு செலவாக எழுதி மறந்துபோனவர்களை எங்கள் அலுவலகத்தில் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன், மனம் பொறுப்பதில்லை. கணக்குத் தாக்கல் செய்கிறவரின் பான் எண்ணைக் கொடுத்து அவர் கணக்கிலிருந்தே பணம் கட்டுங்கள். ரசீது வாங்குங்கள். சில மாதம் கழித்து, வருமான வரித் தளத்தில் உங்கள் பெயருக்கு அந்தத் தொகை பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

நோட்டாக ஒரு பயணத்துக்கு 3000 டாலர் வரை வாங்கிச் செல்லலாம், அவ்வளவு தேவைப்படாது. இரண்டு மூன்று நாள் செலவுக்கு நோட்டு, மீதிக்கு ஃபாரெக்ஸ் கார்டு (வெளிநாட்டு நாணயத்தை முன்கூட்டியே ஏற்றி வைக்கும் கார்டு), அவசரத்துக்கு இன்னொரு வங்கியின் கிரெடிட் கார்டு என்று பிரித்து, வெவ்வேறு பைகளில் வையுங்கள். ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற நாணய மாற்றுநரிடம் மட்டுமே வாங்கி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கடற்கரை ரயில் நிலையத்தின் எதிரே நின்று கூடுதல் விலைக்குக் கேட்கிறவரிடமும் குறைந்த விலைக்குத் தருகிறவரிடமும் போக வேண்டாம்; அது சட்டப்படி குற்றம், கள்ள நோட்டு வந்தால் முறையிடவும் இடமில்லை. திரும்பிய பின் மிஞ்சும் பணத்தில் 2000 டாலர் வரை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டதை 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும்.

வெளிநாட்டுக் கடையில் கார்டைத் தேய்க்கும்போது, ரூபாயில் கழிக்கவா, அந்நாட்டு நாணயத்தில் கழிக்கவா என்று இயந்திரம் கேட்கும். ரூபாய் என்பது நமக்குப் பழகிய சொல் என்பதால் கை அங்கேதான் போகும். அந்நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தேர்ந்தால், கடைக்காரரின் வங்கி தனக்கு ஏற்ற விலையில் மாற்றிக் கழித்துவிடும். சிங்கப்பூரில் மெட்ரோ ரயிலிலும் பேருந்திலும் நம் விசா, மாஸ்டர் கார்டுகளையே வாயிலில் காட்டிப் போகலாம். அந்தக் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைக் கிளம்பும் முன் வங்கிச் செயலியில் திறந்து வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: பள்ளி ஆசிரியை, வயது 29. தனியாகச் செல்ல விரும்புகிறேன். அம்மா அழுகிறார். பாதுகாப்பாகச் சென்றுவர முடியுமா?
– வாசகி, எண்ணூர்

பதில்: முடியும் சகோதரி. அம்மாவின் அழுகையை மதித்து, அதற்கு ஒரு காகிதத்தால் பதில் சொல்லுங்கள். விமான எண்கள், விடுதியின் பெயரும் தொலைபேசியும், ஒவ்வொரு நாளும் எந்தப் பகுதியில் இருப்பீர்கள், இரவு எத்தனை மணிக்கு அழைப்பீர்கள், அந்த நாட்டு இந்தியத் தூதரகத்தின் எண் ஆகியவற்றைத் தமிழில் எழுதி, வீட்டு நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள். நான் தனியாகச் சென்ற முதல் முறை என் அம்மா அந்தத் தாளைப் பார்த்துப் பார்த்துத்தான் எட்டு நாளைக் கழித்தார்.

பகலில் சென்று இறங்கும் விமானத்தையே தேர்ந்தெடுங்கள். சற்றுக் கூடுதல் விலையானாலும் பரவாயில்லை. புதிய ஊரின் முதல் பார்வை வெளிச்சத்தில் அமைந்தால் பாதி அச்சம் நீங்கிவிடும். தங்குமிடம் ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், இரவு பத்து மணிக்கும் கடைகள் திறந்திருக்கும் தெருவில் இருக்கட்டும். முதல் தனிப்பயணத்துக்கு சிங்கப்பூரையோ ஜப்பானையோ சொல்வேன். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. அறிவிப்புப் பலகைகள் பலவற்றில் நம் எழுத்தைக் காணலாம். டோக்கியோவில் நெரிசல் நேர ரயில்களில் பெண்களுக்கென்றே தனிப் பெட்டிகள் உண்டு. கோலாலம்பூரின் கொமுட்டர் ரயிலிலும் இளஞ்சிவப்பு அடையாளமிட்ட மகளிர் பெட்டிகள் இருக்கின்றன. விம்கோ நகரிலிருந்து மெட்ரோவில் மகளிர் பகுதியில் ஏறிப் பழகியிருப்பீர்கள். அதே பழக்கம் அங்கும் உதவும்.

பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்களையும் விசாவையும் நகலெடுத்து, ஒன்றைப் பெட்டியிலும் ஒன்றை அம்மாவிடமும் வைத்து, உங்கள் மின்னஞ்சலுக்கும் அனுப்பிவிடுங்கள். பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் அங்குள்ள காவல் நிலையத்தில் புகார் எழுதி அதன் நகலை வாங்குங்கள். அதையும் நகல்களையும் காட்டினால், ஊர் திரும்புவதற்கான அவசரச் சான்றிதழை இந்தியத் தூதரகம் வழங்கும். இதை அம்மாவிடமும் விளக்குங்கள். என்ன ஆகுமோ என்று தெரியாமல் இருப்பதுதான் பெரியவர்களை அதிகம் வருத்துகிறது.

கேள்வி: வயதான பெற்றோரை அழைத்துச் செல்கிறேன், சைவ உணவுதான் உண்பார்கள். பொடிகளும் ஊறுகாயும் எடுத்துச் செல்லலாமா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: இட்லிப் பொடியும் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் பெரும்பாலான ஆசிய நாடுகளுக்கு எடுத்துச் செல்லலாம், சரக்குப் பெட்டியில் இறுக்கமாகக் கட்டி வையுங்கள். கசகசா மட்டும் கூடாது. ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அது தடை செய்யப்பட்ட பொருள்; வீட்டில் அரைத்த மசாலாவில் கசகசா சேர்ந்திருக்கிறதா என்று அம்மாவிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து செல்வதானால் உணவுப் பொருள் எதுவானாலும் வருகைப் படிவத்தில் அறிவித்துவிட வேண்டும். அறிவித்தால் அதிகபட்சம் பொருளை எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் கடும் அபராதம். நெய், ஊறுகாய் எண்ணெய் போன்றவற்றைக் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விட மாட்டார்கள். பவர் பேங்க் நேர்மாறு. அது கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

வியட்நாமில் ‘சாய்’ என்று எழுதிய உணவகங்கள் பௌத்த மரபுச் சைவ உணவு தருபவை. தாய்லாந்தில் ‘ஜே’ என்று சிவப்பு எழுத்தில் மஞ்சள் கொடி பறக்கும். ஜப்பானில் கவனம் தேவை. காய்கறிச் சாறு போலத் தோன்றுவதிலும் மீன் வடிசாறு கலந்திருக்கும். விமானத்தில் இந்தியச் சைவ உணவை 24 மணி நேரம் முன்பே பதிவு செய்ய வேண்டும். சக்கர நாற்காலியையும் முன்பே கேட்டு வையுங்கள். பெரிய விமான நிலையங்களில் நடை மிக அதிகம், கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

பெற்றோரின் மருந்துகளை அட்டையோடு, மருத்துவரின் ஆங்கிலச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். இங்கே சாதாரணமாகக் கிடைக்கும் சில இருமல் மருந்துகளில் கோடீன் இருக்கும். ஜப்பானிலும் அமீரகத்திலும் அதற்குக் கட்டுப்பாடு உண்டு.

கேள்வி: கென்யாவில் வனவிலங்குகளைப் பார்க்கச் செல்கிறேன். மஞ்சள் காய்ச்சல் ஊசி எங்கே போடுவார்கள்?
– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: கிண்டி கிங் நிலையத்திலும், நமக்கு அருகில் ராஜாஜி சாலையில் உள்ள துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். நாளும் நேரமும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு பாஸ்போர்ட்டுடன் செல்லுங்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லுபடியாகும். அதன் பின் வாழ்நாள் முழுதும் போதும். அது இல்லாமல் அங்கிருந்து திரும்பினால் இந்தியாவில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள்.

கேள்வி: என் வயது 61. தந்தை இளவயதில் கப்பலில் பினாங்குக்குச் சென்று பதினோரு ஆண்டுகள் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பினார். அவர் எழுதிய கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன. கடிதத்தில் உள்ள முகவரியைப் பார்த்துவர ஆசை. இந்த வயதில் அது இயலுமா?
– வாசகர், ராயபுரம்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. என் தாத்தா சென்னைத் துறைமுகத்தில் சுமை தூக்கியவர். ரஜூலா, எம்.வி. சிதம்பரம் ஆகிய கப்பல்களில் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களின் பெட்டிகளைப் பற்றி அவர் சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். 1985-இல் சிதம்பரம் கப்பல் தீவிபத்துக்குள்ளான பிறகு அந்தப் பயணிகள் போக்குவரத்து நின்றுபோயிற்று. தாத்தா எந்த நாட்டுக்கும் போனதில்லை. ஊர் பார்க்கும் ஆசை எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறவர்களிடம் நான் அவரைத்தான் சொல்வேன்.

கட்டாயம் இயலும். அறுபது கடந்தவர்கள் புதிதாகப் பாஸ்போர்ட் எடுத்தால் கட்டணத்தில் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு. இந்தியர்கள் 30 நாள் வரை மலேசியாவில் விசா இல்லாமல் தங்கும் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நடப்பில் உள்ளது. சென்றிறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை, பணம் கேட்கும் தளங்களை விலக்கிவிடுங்கள். திரும்பும் சீட்டும் தங்குமிட முகவரியும் அச்சிட்டுக் கையில் இருக்கட்டும். மகனோ மகளோ உடன் வந்தால் நல்லது. வர இயலாவிட்டாலும் தமிழ் பேசும் கடைகள் நிறைந்த ஊர் அது. காலை ஏழு முதல் பத்து வரை நடந்து, வெயில் ஏறியதும் அறைக்குத் திரும்பி, மாலை ஐந்துக்கு மறுபடியும் கிளம்புங்கள். ஐந்து நாள் இருந்தால் அவசரப்படாமல் தேடலாம்.

ஒன்று கவனிக்க வேண்டும். தந்தை எழுதிய காலத்துத் தெருப்பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்தவை. இன்று பலகைகளில் இருப்பது மலாய். அவர் மார்க்கெட் ஸ்ட்ரீட் என்று எழுதியிருந்தால் நீங்கள் லெபு பாசார் என்று கேட்க வேண்டும். பீச் ஸ்ட்ரீட் என்றால் லெபு பந்தாய், சர்ச் ஸ்ட்ரீட் என்றால் லெபு கெரெஜா. பிட் ஸ்ட்ரீட் இன்று ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங். கதவு எண்களும் மாறியிருக்கக்கூடும். ஆகவே கடிதத்தின் தெளிவான நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, லெபு பாசாரில் பழைய துணிக்கடைகளில் ஏறி, கல்லாவில் இருக்கும் பெரியவரிடம் காட்டுங்கள். மூலக் கடிதத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள். அங்கே மழை சொல்லாமல் வரும்.